மேயர் எதில் போகிறார்?

சமைத்தவர் தாமே ஒரு கவளம் சாப்பிட்டுப் பார்த்தால்தான் உப்புக் குறைவு தெரியும். ஊர் நிர்வாகமும் அப்படித்தான். பஸ்சையும் ரெயிலையும் பற்றி முடிவு செய்கிறவர்கள் அவற்றில் ஏறிப் பார்க்க வேண்டும். அப்பொழுதுதான் ஜனங்கள் படும் பாடு அவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான், "நம் தலைவர் எதில் போகிறார்?" என்று ஊரார் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால், கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரத்தின் கதை இதற்கு நல்ல பாடம்.

கோடீசுவர மேயர்

மைக்கேல் புளூம்பெர்க் என்பவர் 2002 முதல் 2013 வரை நியூயார்க் மேயராக இருந்தார். அவர் பெரிய கோடீசுவரர். மேயர் வேலைக்கு ஆண்டுக்கு 1 டாலர் மட்டுமே சம்பளம் வாங்கினார். ஆபீசுக்குச் சுரங்க ரெயிலில் போவார். கூலி வேலை செய்பவரும், ஆசிரியையும், மேயரும் ஒரே பெட்டியில்! ஜனங்கள் மெச்சினார்கள்.

2007 ஆகஸ்டு மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. நிருபர்கள் சில வாரங்களாக மேயரைக் கவனித்திருந்தார்கள். மேயர் வீட்டின் அருகிலேயே ஒரு ரெயில் நிலையம் உண்டு. அங்கே எல்லா இடத்திலும் நின்று போகும் ரெயில்தான் வரும். ஆகவே, காலையில் 2 பெரிய கார்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். 22 தெருக்கள் தாண்டி, எக்ஸ்பிரஸ் ரெயில் நிற்கும் நிலையத்தில் அவரைக் கொண்டுபோய் இறக்கும். அதன் பிறகுதான் ரெயில்!

நகரமே சிரித்தது. சிரிப்புக்குக் காரணம் இருந்தது. அதே ஆண்டில்தான் அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மன்ஹாட்டன் பகுதியில் வண்டி நெரிசல் அதிகம். அங்கே காரில் நுழைகிறவர்கள் நாள் ஒன்றுக்கு 8 டாலர் கட்ட வேண்டும் என்றார். ஊராரைக் காரை விட்டு இறங்கச் சொன்னவர், ரெயில் ஏறுவதற்கே காரில் போனார். கேள்வி எழாமல் இருக்குமா?

அந்தத் திட்டம் 2008 ஏப்ரலில் மாநில சட்டசபையில் கைவிடப்பட்டது. மேயரின் காரினால்தான் கைவிடப்பட்டது என்று சொல்ல முடியாது. நகரின் ஓரப் பகுதிகளில் இருந்து காரில் வருகிறவர்களின் எதிர்ப்பே பெரிது. ஆனாலும், பிறருக்குச் சொன்ன புத்தியில் தானும் நிற்கிறவரின் பேச்சுக்கு வலிமை அதிகம். அந்த வலிமையை அவரே கொஞ்சம் குறைத்துக்கொண்டார். கடைசியில் 2025 ஜனவரி 5-ந் தேதிதான் அங்கே அப்படி ஒரு கட்டணம் வந்தது. 9 டாலர்!

உடற்பயிற்சிக்கு 11 மைல்

அடுத்த மேயர் பில் டி பிளாசியோ. 2014 முதல் 2021 வரை பதவியில் இருந்தார். மேயராகும் முன்பு புரூக்ளின் பகுதியில் குடியிருந்தார். மேயரானதும் மன்ஹாட்டனில் உள்ள அரசாங்க மாளிகைக்குக் குடிபோனார். ஆனால், பழைய உடற்பயிற்சிக் கூடத்தை மட்டும் விடவில்லை. சுமார் 11 மைல் தூரத்தில் உள்ள அந்த இடத்துக்குக் காலையில் போலீஸ் கார்கள் சூழப் போய்வந்தார்.

பூமி சூடாகிறது, புகையைக் குறைக்க வேண்டும் என்று பேசுகிறவர் அவர். ஆகவே, 2017-ல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பேசிய நேயர் ஒருவர், இந்தப் பயணம் தேவையா என்று மேயரிடமே கேட்டார். இதை ஒரு மலிவான அடையாளமாக ஆக்கக் கூடாது என்ற கருத்தில் மேயர் பதில் சொன்னார்.

அந்தக் கோடையில் சுரங்க ரெயில்கள் அடிக்கடி பழுதாகி நின்றன. வேலைக்குப் போகிறவர்கள் சுரங்கத்துக்குள் வெந்துபோனார்கள். ஜூன் மாதத்தில் கவர்னர் நெருக்கடி நிலையையே அறிவித்தார். ஜூலையில் மேயர் நிருபர்களோடு ரெயிலில் ஏறினார். படம் பிடித்தார்கள். ஜனங்கள் கேலி செய்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. நியூயார்க் சுரங்க ரெயிலை நடத்துவது மாநில அரசின் கீழுள்ள ஓர் அமைப்பு. அதில் மேயரை விடக் கவர்னருக்கே பிடி அதிகம். மேயரின் உடற்பயிற்சியைப் பார்த்துச் சிரித்த நேரத்தில், ரெயிலுக்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடக் கூடாது அல்லவா? வேடிக்கை பார்ப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

கணக்குப் புத்தகம் பேசியது

உண்மையான தவறு வேறு இடத்தில் இருந்தது. 2019-ல் டி பிளாசியோ ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட முயன்றார். அமெரிக்கா முழுவதும் சுற்றினார். அவருக்குப் பாதுகாப்பாகப் போலீசாரும் உடன் போனார்கள். அவர்களுடைய பயணச் செலவு நகர மக்களின் வரிப்பணத்தில் இருந்து போயிற்று. அது சொந்த அரசியல் காரியம், நகரத்தின் காரியம் ஆகாது.

2023 ஜூன் மாதம் நகரத்தின் ஒழுங்கு வாரியம் உத்தரவு போட்டது. செலவுப் பணமும் அபராதமும் சேர்த்து, சுமார் 4 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கட்ட வேண்டும் என்றது!

உடற்பயிற்சிக்குப் போன கார்களை ஊரே பார்த்தது. வரிப்பணம் போன வழியை ரசீதுகளும் கணக்குகளும் காட்டிக்கொடுத்தன. கண்ணில் படுவதை விடக் கணக்கில் இருப்பதே முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சொந்தக் கார் இருந்தால் போதுமா?

கனடா நாட்டு டொரான்டோ நகரில் ராப் போர்டு என்பவர் மேயராக இருந்தார். அவர் தம் காரைத் தாமே ஓட்டினார். டிரைவருக்கு வரிப்பணம் செலவாவதை அவர் விரும்பவில்லை. சிக்கனம் நல்லதுதான்! ஆனால் 2012 ஆகஸ்டில் ஒரு படம் வெளிவந்தது. வேகமான நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டே அவர் காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார்!

பக்கத்துக் காரில் ஒரு தாயும் குழந்தையும் இருந்திருந்தால்? பணத்தை மிச்சம் பிடிப்பது ஒரு கடமை. பிறர் உயிரைக் காப்பது அதைவிடப் பெரிய கடமை. டிரைவர் வைத்துக்கொள்வது ஆடம்பரம் என்று எல்லா நேரமும் சொல்லிவிட முடியாது.

லண்டனில் நடந்தது

லண்டன் மேயராக இருந்த கென் லிவிங்ஸ்டனுக்குக் கார் ஓட்டும் வழக்கமே இல்லை. சுரங்க ரெயிலில் போய்வந்தார். 2003 பிப்ரவரி 17-ந் தேதி, நகரின் நடுப்பகுதியில் நுழையும் கார்களுக்கு 5 பவுன் கட்டணம் விதித்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனால், "நீங்கள் மட்டும் காரில் சுகமாகப் போகிறீர்களே!" என்று அவரைப் பார்த்து யாரும் கேட்க முடியவில்லை. 2004 தேர்தலில் அவரே மறுபடியும் ஜெயித்தார்.

எதைக் கேட்பது?

தலைவருக்குப் பாதுகாப்பு வேண்டும். அவசர வேலைக்குக் கார் வேண்டும். அதைக் குறை சொல்வது சரியல்ல. அவருடைய மனைவி மக்கள் போகிற வழியெல்லாம் பின்தொடர்வதும் நாகரிகம் ஆகாது.

ஊரார் கேட்க வேண்டியவை மூன்றுதான். செலவு யாருடையது? ஊருக்குப் போட்ட விதிக்கு அவரும் கட்டுப்படுகிறாரா? அவர் பதவிக்கு வந்த பிறகு ஜனங்கள் போகும் வண்டி சீர்பட்டதா?

முதல் இரண்டுக்கும் பதில் சரியாக இருந்து, மூன்றாவதுக்கு மட்டும் இல்லை என்றால், அவர் சைக்கிளில் போனாலும் பயன் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் தாய், பஸ்சுக்காக ஒரு மணி நேரம் காத்து நிற்கிறாள். வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள். அவளுக்குத் தேவை தலைவரின் புகைப்படம் அல்ல, நேரத்துக்கு வரும் பஸ்.

சமைத்தவர் ருசி பார்ப்பது நல்லது. பார்த்த பிறகு உப்பையும் போட வேண்டும்!