எண்ணூர் சாம்பலுக்கு எரிமலைக் கணக்கு

எண்ணூர் கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்கு, ஆற்றின் அடி எப்படி மாறியிருக்கிறது என்பது காலிலேயே தெரியும். சேறும் மணலும் இருந்த இடத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. வட சென்னை அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்ததால், விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

சாம்பலை அள்ள வேண்டும் என்றால் முதலில் ஒன்று தெரிய வேண்டும். அது எவ்வளவு இருக்கிறது?

பழைய எரிமலைகளை ஆராய்கிறவர்கள் இதே கேள்வியோடுதான் வேலையைத் தொடங்குவார்கள். பல இடங்களில் தோண்டி, சாம்பல் அடுக்கின் தடிமனை அளப்பார்கள். ஒரே தடிமன் உள்ள இடங்களை வரைபடத்தில் கோடு போட்டு இணைப்பார்கள். எரிமலையை விட்டு விலக விலகத் தடிமன் குறையும். எந்த வேகத்தில் குறைகிறது என்று பார்த்து, அளக்க முடியாத தூரத்துக்கும் கணக்குப் போடுவார்கள். பரப்பையும் தடிமனையும் பெருக்கிக் கூட்டினால் கன அளவு கிடைத்துவிடும்.

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் வெடித்த தோபா எரிமலையின் சாம்பல், வங்கக் கடலைத் தாண்டி இந்தியாவிலும் விழுந்தது. அது கக்கியதைக் கெட்டிப் பாறையாகக் கணக்கிட்டால் 2,800 கன கிலோமீட்டர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் அளவு. பின்னால் வந்த கணினிக் கணக்குகள் அதற்கும் மேலே போயின.

அளவு இப்படி மாறுவதற்கு ஒரு காரணத்தை ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் பார்க்கலாம். அங்கே தோபா சாம்பல் ஆள் உயரத்துக்கு மேல் கிடக்கிறது. ஆனால் வானிலிருந்து நேராக விழுந்தது அடியில் உள்ள சில சென்டிமீட்டர்தான். மற்றதெல்லாம் சுற்றுப்புறத்தில் விழுந்து, மழைநீர் அடித்துவந்து பள்ளத்தில் சேர்த்தது. அந்த ஒரு குழியை நம்பினால் கணக்கு பல மடங்கு வீங்கிவிடும்.

எண்ணூரிலும் இதே சிக்கல் உண்டு. கடலின் ஏற்ற இறக்கமும் மழை வெள்ளமும் சாம்பலை ஓரிடத்தில் குவிக்கும், இன்னோரிடத்தில் வழித்துக்கொண்டு போகும். ஆகவே கரையோரம், நடு ஆறு, அலையாத்திச் செடிகளின் அடி என்று பல இடங்களில் குழாயைச் செருகி மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். எது சாம்பல், எது வண்டல் என்பதை நுண்ணோக்கி சொல்லிவிடும். எரிமலைச் சாம்பல் உடைந்த கண்ணாடிச் சில்லு போலக் கூராக இருக்கும். அனல் மின் நிலையச் சாம்பலில் பொடிப்பொடியான உருண்டைகள் நிறைந்திருக்கும்.

ஒரு சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் சாம்பல் என்றால் 10,000 கன மீட்டர். ஒரு லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்தாலும் 1,000 நடை. சராசரித் தடிமனில் 10 சென்டிமீட்டர் பிசகினால் கணக்கு 10,000 நடை தப்பும். குறைத்துப் போட்டால், ஒதுக்கிய பணம் தீர்ந்த பிறகும் ஆற்றில் சாம்பல் கிடக்கும். அள்ளத் தொடங்கும் முன் ஆற்றை நூறு இடத்தில் அளப்பது அதனால்தான் வீண் செலவு ஆகாது.