குற்றவாளி என்ற பட்டம் எப்போது இறங்கும்?

சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் கைதிகளைச் சாதிவாரியாக அடைத்துவைப்பதும் அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. சமையலுக்கு ஒரு சாதி, துப்புரவுக்கு ஒரு சாதி என்று சில மாநிலங்களின் சிறை விதிகள் அச்சிலேயே வைத்திருந்தது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்த விவகாரமும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஒரு காலத்தில் குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்ட சீர்மரபினரைச் சில சிறை விதிகள் இன்னமும் ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்ற கணக்கில் சேர்த்துவந்தன. நீதிமன்றம் அதையும் நீக்கியது. 1952இல் ஒழிந்துவிட்டதாக நாம் நம்பிய ஒரு சிந்தனை, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அரசாங்க ஏட்டில் உயிரோடு இருந்திருக்கிறது. அது சிறை விதிகளில் மட்டும் இல்லை. காவல் நிலையப் பதிவேட்டிலும், தடுப்புக் காவல் ஆணையிலும், வேலைவாய்ப்பு விதியிலும், நம் மனத்திலும் இருக்கிறது. சட்டம் தண்டிக்க வேண்டியது நிரூபிக்கப்பட்ட செயலை. ஆளின் மேல் குற்றவாளி என்ற பட்டத்தைச் சூட்டி, அதை இறக்கவே விடாமல் வைத்திருப்பது அநீதி. அதனால் குற்றமும் குறையாது.

இந்தச் சிந்தனையின் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் போக வேண்டும். தச்சர் மகன் தச்சராவதுபோலத் திருடர் மகன் திருடராவான் என்பதே அதை இயற்றிய ஆட்சியாளர்களின் நம்பிக்கை. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்று சட்டமே சொன்னது. 1911இல் விரிவாக்கப்பட்ட இந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். இரவில் காவலர் முன்போ ஊர்த் தலைவர் முன்போ ஆஜராக வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மனைவிக்குப் பேறுகாலம் என்றாலும், பக்கத்து ஊரில் சாவு என்றாலும், அனுமதி இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டினால் அதுவே குற்றம். திருடாமலேயே ஒருவன் குற்றவாளியாக இதைவிட எளிய வழி இருக்க முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக மதுரையில் வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அந்த மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் இந்தச் சட்டம் ஒழிந்தது.

சட்டம்தான் ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை. சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்ட மறு ஆண்டே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சமூகத்தின் பெயர் இருந்த இடத்துக்குத் தனிமனிதரின் பெயர் வந்தது. கண்காணிப்பு அப்படியே நீடித்தது. காவல் நிலையங்களில் சரித்திரப் பதிவேடுகள் தொடர்ந்தன. ஒரு பதிவேடு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் கரக் சிங் வழக்கு போதும். 1941இல் அவர் மீது கொள்ளை வழக்கு போடப்பட்டது. ஆதாரம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார். ஆனாலும் காவல் துறை அவருக்குச் சரித்திரப் பதிவேடு தொடங்கியது. நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்; ஆள் இருக்கிறாரா என்று எழுப்பிப் பார்ப்பார்கள். இப்படி இரவில் வீடு தேடிப் போவது செல்லாது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1980இல் மாலக் சிங் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, கண்காணிப்புக்குத் தக்க காரணம் வேண்டும், அது மனிதரின் கண்ணியத்தைக் குலைக்கக் கூடாது என்று எல்லை வகுத்தார். அதற்குப் பின்னும் 2024 மே மாதம், அமானதுல்லா கான் வழக்கில், சிறுவர்களின் விவரங்களும் விளிம்புநிலைச் சமூகங்களைப் பற்றிய முன்முடிவுகளும் சரித்திரப் பதிவேடுகளில் இடம்பெறுவது குறித்து உச்ச நீதிமன்றம் கவலை தெரிவிக்க வேண்டியிருந்தது. அறுபது ஆண்டுகளாக நீதிமன்றம் ஒரே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்றால், கோளாறு ஒரு காவல் நிலையத்தில் இல்லை, அடிப்படையிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த அடிப்படையின் இன்றைய உருவம் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம், அதாவது மக்கள் வாயில் ‘குண்டாஸ்’. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்திட்டால், ஒருவரை ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம். குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. இனி அவர் பொது ஒழுங்கைக் குலைப்பார் என்ற அதிகாரியின் கணிப்பே போதும். அந்த ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் தமக்காக வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமைகூடக் கைதிக்கு இல்லை. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், குண்டர்கள், குடிசை நிலத்தை அபகரிப்போர் என்று தொடங்கிய பட்டியலில் பின்னர் திருட்டு வீடியோக்காரர்கள், மணல் கடத்துவோர், இணையக் குற்றம் செய்வோர் என்று வகை வகையாக ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். பட்டியலில் நீள்வது செயல்கள் அல்ல, மனிதர்களுக்கான பட்டங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காலாவதியான மருந்துகளை விற்றதாகச் சொல்லி இதே சட்டத்தில் ஒருவரை அடைத்த ஆணையை 2011இல் ரேகா வழக்கில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், சாதாரணச் சட்டமே போதும் என்னும் இடத்தில் தடுப்புக் காவலைக் கையில் எடுப்பது சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொன்னது. விசாரணை நடத்தித் தண்டனை வாங்குவது கடினம், ஆணை பிறப்பிப்பது எளிது. அதனாலேயே விதிவிலக்காக இருக்க வேண்டியது இங்கே வழக்கமாகிவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்கள் கற்பனைப் பாத்திரங்கள் அல்ல. கூலிப்படையாக வெட்டுவோரும், சங்கிலிப் பறிப்பையே பிழைப்பாக வைத்திருப்போரும், கந்துவட்டிக்கு ஆள் வைத்து மிரட்டுவோரும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று காவல் துறை தெரிந்துவைத்திருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. தெரிந்துவைத்திருக்கத்தான் வேண்டும். முன்பு தண்டனை பெற்றவர் அதே போன்ற குற்றத்தை மீண்டும் செய்தால் கூடுதல் தண்டனை தர இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இடம் இருந்தது. இன்றைய நியாய சம்ஹிதையும் அதைத் தொடர்கிறது. ஆனால் அங்கே இரண்டு குற்றங்களும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த நிரூபணம்தான் கோடு. ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் ஆள்வோருக்கு மூன்று கடமைகளைச் சொல்கிறார்: தகுந்தபடி ஆராய வேண்டும், மீண்டும் நடக்காதபடி பார்க்க வேண்டும், குற்றத்தின் அளவுக்கு ஏற்றாற்போல் தண்டிக்க வேண்டும். மூன்றில் ஆராய்ச்சிதான் முதலில் வருகிறது. அதைத் தாண்டிக் குதிக்கும் அரசு, மற்ற இரண்டையும் சேர்த்தே தவறவிடுகிறது.

சாட்சிகள் பயந்து ஓடுகிறார்கள், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது, ஜாமீனில் வந்தவன் புகார் கொடுத்தவரையே மிரட்டுகிறான், குண்டாஸ் இல்லாமல் என்ன செய்வது என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நோய் இருப்பது உண்மை, மருந்துதான் தவறு. சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு 2018இலேயே உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்து, அது சட்டத்துக்கு நிகராக நாடெங்கும் நடைமுறையில் இருக்கும் என்றது. அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்கினால் சாட்சி நிற்பார். மிரட்டினார் என்று காட்டினால் ஜாமீனை ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மாறாக, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் ஆள்கொணர்வு மனு போட்டு, ஆவணத்தின் மொழிபெயர்ப்பு கிடைக்கவில்லை, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதமானது என்பன போன்ற காரணங்களால் வெளியே வருவது நம் உயர் நீதிமன்றத்தில் வாடிக்கை. அப்போது அரசிடம் மிஞ்சுவது என்ன? மூல வழக்கு நிரூபிக்கப்படாமல் கிடக்கிறது, சாட்சியின் பயமும் போகவில்லை. தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று 1764இலேயே இத்தாலியரான பெக்காரியா எழுதினார். தடுப்புக் காவல் அந்த உறுதியைத் தருவதில்லை.

பழியைச் சட்டத்தின் மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் நகர முடியாது. பிடிபட்டவர் கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு மருத்துவமனையில் கிடக்கும் படம் வருகிறது. தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தார் என்று விளக்கம் வருகிறது. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கானோர் கைதட்டுகிறார்கள். அடிபட்டவர் உண்மையில் குற்றம் செய்தவர்தானா என்று யாரும் கேட்பதில்லை. 1993இல் கடலூர் மாவட்டத்தில் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துச் செல்லப்பட்ட குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் காவலில் கொல்லப்பட்ட கொடுமைதான் ‘ஜெய் பீம்’ படத்துக்கு ஆதாரம். படத்தைப் பார்த்து அழுத நாம்தான் மாவுக்கட்டுப் படத்துக்கும் கைதட்டுகிறோம். விடுதலையானவரைக்கூட நாம் விடுதலை செய்வதில்லை. தமிழ்நாடு காவலர் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுவிக்கப்பட்டவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள் என்று விளக்கக் குறிப்பு இருக்கிறது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதை ஏற்றது. நீதிமன்றம் விடுவித்த பிறகும் ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று அரசே எழுதிவைத்தால், வீட்டை வாடகைக்குக் கொடுக்க மறுப்பவரையும் வேலைக்கு எடுக்க மறுப்பவரையும் எப்படிக் குறை சொல்வது? நேர்மையான வேலைக்கு எல்லாக் கதவும் அடைபட்டவருக்குத் திறந்திருப்பது பழைய கூட்டாளியின் கதவு ஒன்றுதான்.

இப்படிப் பேசும்போதெல்லாம், குற்றவாளிக்காக வருந்துகிறீர்களே, பாதிக்கப்பட்டவருக்காக யார் வருந்துவது என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். மகனைப் பறிகொடுத்த தாய்க்கும், தாக்குதலுக்கு ஆளான பெண்ணுக்கும் அரசு கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடன், செய்தவன் யார் என்று ஐயமின்றி நிறுவி, அவனுக்குத் தண்டனை வாங்கித் தருவதிலும், உரிய இழப்பீட்டைக் காலத்தில் கொடுப்பதிலும் அடைபடும். ஓராண்டுத் தடுப்புக் காவல் யாருடைய குற்றத்தையும் நிரூபிப்பதில்லை. பதிவேட்டில் பெயர் இருப்பவரைப் பிடித்து வழக்கை முடித்தால், உண்மையில் செய்தவன் வெளியே இருக்கிறான், பாதிக்கப்பட்டவர் ஏமாற்றப்படுகிறார். பட்டத்தை வைத்து ஆளைப் பிடிக்கும் முறை இருவருக்குமே துரோகம் செய்கிறது.

செய்ய வேண்டியவை புதிரானவை அல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க வேண்டும். சரித்திரப் பதிவேட்டில் பெயர் சேர்க்கும்போது உரியவருக்குத் தெரிவித்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை காவல் துறைக்கு வெளியே உள்ள ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். புதிய குற்றம் இல்லையென்றால் பெயர் தானாகவே நீங்க வேண்டும். ரேகா தீர்ப்பு சொன்ன அளவுகோலுக்குள் குண்டர் சட்டம் சுருங்க வேண்டும். விடுவிக்கப்பட்டவரைத் தொடரும் பணி விதியைத் திருத்த வேண்டும். சீர்மரபினரின் வரலாறு இங்கே நமக்குப் பாடம். அந்தச் சமூகங்களின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆனது இரவுக் கணக்கெடுப்பால் அல்ல; பள்ளிக்கூடத்தால், நிலத்தால், வேலையால், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பட்டத்தை ஏற்க மறுத்த அவர்களின் போராட்டத்தால். ஒரு முழுச் சமூகத்தின் மேல் சுமத்திய பட்டம் பொய் என்று ஒப்புக்கொள்ள அரசுக்கு எண்பது ஆண்டுகள் ஆயின. ஒரு தனிமனிதர் தண்டனையை அனுபவித்து முடித்த அன்றே அவருடைய கணக்கு தீர்ந்தது என்று ஏற்க இன்னொரு எண்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.