கைப்பிடிக்கு ஓர் ஊன்றுகோல்

மாம்பழச்சாலையிலிருந்து காவிரிப் பாலத்தில் ஏறும்போது காலை எட்டரை மணி இருக்கும். திருவரங்கத்திலிருந்து திருச்சிக்குப் பணிக்குச் செல்வோர், பள்ளிப் பிள்ளைகள், பூக்கூடைக்காரர்கள், அம்மாமண்டபத்தில் நீராடித் திரும்பும் வெளியூர் வேன்கள் என எல்லோருக்கும் அந்நேரத்தில் அப்பாலந்தான் வழி. 1976இல் திறக்கப்பட்ட அதன் நீளம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். தூண்களுக்கு மேலுள்ள இணைப்புகள் பழுதாகிக் கிடந்த காலத்தில், ஒவ்வோர் இணைப்பையும் நம் மணிக்கட்டு தனித்தனியே எண்ணிக்கொண்டு போகும். செப்பனிடும் பணி 2022இன் பிற்பகுதியில் தொடங்கி, 2023 மார்ச்சில் பாலம் மறுபடி திறக்கப்பட்டபோது, ஊரில் வேறு எவரைக்காட்டிலும் மிகுதியாக மகிழ்ந்தது நமது வலக்கையாகத்தான் இருந்திருக்கும்.

நமக்கு முடக்குவாதம். நாற்பத்திரண்டாம் அகவையில் வந்தது. முதுமையில் எலும்பு தேய்ந்து வரும் மூட்டுவலியன்று இது. உடலின் காப்புப் படையே மூட்டுகளின் உட்சவ்வைப் பகையெனக் கருதித் தாக்குவது. சித்த மருத்துவர்கள் வாத நோய்களை எண்பது என்று வகுத்திருக்கிறார்கள்; யூகி வைத்திய சிந்தாமணியில் அந்தக் கணக்கைக் காணலாம். முடக்கு என்ற சொல்லை நம் மக்கள் எவ்வளவு அறிந்திருந்தால், வேலியில் படரும் ஒரு கொடிக்கு முடக்கறுத்தான் என்று பெயரிட்டிருப்பார்கள்! (அந்தக் கீரையில் தோசையும் இரசமும் நம் வீட்டில் ஓயாமல் நடக்கின்றன. வார மாத்திரையும் நடக்கிறது.) இந்நோயின் கொடுமை காலை வேளையில்தான். எழுந்து ஒரு மணி நேரம் ஆன பின்னும் விரல்கள் சொற்படி கேளா. பூட்டில் சாவியைத் திருப்புவது ஒரு பாடு. வகுப்பில் சுண்ணக்கட்டியைப் பிடிப்பது இன்னொரு பாடு. இவற்றுக்கு இடையில்தான் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது.

மோட்டார் சைக்கிளின் ஆக்சிலேட்டரைப் பலர் வலிமையோடு தொடர்புபடுத்தி நினைக்கிறார்கள். உண்மையில் அதை முறுக்குவதற்குப் பெரிய வலிமை வேண்டியதில்லை. உள்ளே ஒரு சுருள்வில், கையை விட்டால் பிடியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். அப்படிக் கொண்டுவர வேண்டும். ஓட்டுபவர் விழுந்தாலும் எந்திரம் அடங்குவதற்கு அதுவே வழி. ஆனால் அந்த வில்லுக்கு எதிராக, சற்றே முறுக்கிய நிலையில், அசைக்காமல் பிடித்திருப்பதுதான் வாதக்கைக்குத் தண்டனை. பத்து முறை முறுக்கி விடுவது எளிது. ஒரே முறுக்கை ஒரு மணி நேரம் காப்பது அரிது. ஊருக்குள் இந்த நோவு அவ்வளவாகத் தெரியாது. சத்திரம் பேருந்து நிலையம், மெயின்கார்டுகேட், காந்தி மார்க்கெட் என்று நின்று நின்று போகும் பாதையில் வலக்கைக்கு அவ்வப்போது ஓய்வு கிடைத்துவிடுகிறது. அங்கே அழுவது கிளட்ச் பிடிக்கும் இடக்கை. நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். மாதம் இருமுறை பெரம்பலூர்ப் பக்கம் தாயாரைப் பார்க்கப் போகிறோம். சமயபுரம் தாண்டும்வரை குறையில்லை. சிறுகனூரில் பெருவிரலின் அடிமூட்டு முனகத் தொடங்கும். பாடாலூர் வரும்போது கை பிடியோடு ஒட்டிக்கொண்டுவிடும். மற்றக் கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு நாள், வண்டி நிறுத்துமிடத்தில் நாம் இப்படி விரல் பிரித்துக்கொண்டிருந்ததை மாணவர் ஒருவர் பார்த்துவிட்டார். தம் புதிய வண்டியைக் காட்டி, "ஐயா, இதுல குரூஸ் கண்ட்ரோல் இருக்குங்க. எங்களுக்கு இது சும்மா விளையாட்டு. உங்களுக்குத்தான் வேணும்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் அச்சொல் நம்மை விடவில்லை.

குரூஸ் கண்ட்ரோல் என்பதற்கு வேகக் கட்டுப்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேகத்துக்கு வரம்பு விதிப்பது போலப் பொருள் தருகிறது. நிலைவேகம் என்பது நமக்குப் பிடித்த சொல். (மூலச்சொல் டச்சு மொழியில் குறுக்கும் நெடுக்குமாகக் கப்பல் ஓட்டுவதைக் குறித்தது. நம் வண்டிகளுக்கு அது சாலப் பொருந்தும்.) வேண்டிய வேகத்தை அடைந்ததும் பொத்தானை அழுத்தினால், மேடோ பள்ளமோ வண்டி அவ்வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும். பிரேக்கையோ கிளட்சையோ தொட்ட கணத்தில் பிடிப்பு அறுந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று தேடியபோதுதான் நாம் வியந்தோம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வையை இழந்தவர். பின்னர்ப் பொறியாளராகி, பிஸ்டன் வளையம் செய்யும் நிறுவனத்துக்குத் தலைவராகவும் உயர்ந்தவர். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, பேசினால் வேகம் குறைவதும் கேட்டால் வேகம் கூடுவதுமாக வண்டி குலுங்குமாம்; அந்த எரிச்சலில் பிறந்தது இக்கருவி என்பார்கள். 1950இல் காப்புரிமை பெற்றார். 1958இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் உயர்விலைக் கார்களில் இதைப் பொருத்தியது. பார்வையற்ற ஒருவர், தம் உடல் உணர்ந்த குலுக்கலுக்கு மாற்றாகக் கண்டது இது. அது செல்வர்களின் காரில் போய் அமர்ந்து, சொகுசு என்று பெயர் பெற்றது. 1980களின் நடுவில் ஹோண்டா கோல்டுவிங் போன்ற பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கும் வந்தது. அவையும் செல்வர்களுக்கே.

நம் நாட்டுக்கு அது வந்த வழியும் அப்படித்தான். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் நிறுவனம் 2023இல் அப்பாச்சி ஆர்டிஆர் 310 என்ற வண்டியில் நிலைவேகத்தைக் கொடுத்தது. விலை இரண்டரை இலட்சத்தை ஒட்டியது. 2025 ஆகஸ்டில் ஹீரோ நிறுவனம் கிளாமர் எக்ஸ் என்ற 125 சிசி வண்டியில் அதைப் பொருத்தி, 90 ஆயிரம் ரூபாயை ஒட்டிய காட்சியறை விலையில் அறிமுகப்படுத்தியது. இது சிறிய செய்தியன்று. ஆக்சிலேட்டரிலிருந்து எந்திரத்துக்குக் கம்பிவடம் போன காலத்தில் நிலைவேகம் பொருத்துவது பெருஞ்செலவு. கைப்பிடியின் அசைவை மின்னணுக் கருவி உணர்ந்து எந்திரத்துக்குச் சொல்லும் முறை வந்துவிட்ட வண்டியில், இதற்கு மேற்கொண்டு வேண்டியவை ஒரு பொத்தானும் சில வரி நிரலும்தாம் என்று சொல்லிவிடலாம். மின்சார ஸ்கூட்டர்களில் இன்னும் எளிது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உருவாகும் ஓலா ஸ்கூட்டரின் சில வகைகளில் அது முன்பே வந்துவிட்டது. அவற்றில் எந்திர அதிர்வும் இல்லை என்பது வாதக்கைக்குக் கூடுதல் நன்மை.

ஆகவே நம் குறை விலையைப் பற்றியதன்று, கருத்தைப் பற்றியது. விளம்பரங்களைப் பாருங்கள். மலைப்பாதை, தோல்சட்டை, இருபது வயது. நிலைவேகத்தை அப்படித்தான் விற்கிறார்கள். காட்சியறை ஒன்றுக்கு நாம் போயிருந்தபோது விற்பனையாளர் கேட்ட முதற்கேள்வி, "பையனுக்கா சார்?" என்பது. நமக்குத்தான் என்றதும் அவர் சற்றுத் திகைத்து, சாதாரண வண்டிகள் நிற்கும் வரிசைக்கு நம்மை அழைத்துப் போனார். தடித்த பிடி, மெல்லிய கிளட்ச், நிலைவேகம் இவையெல்லாம் மூத்த கைகளுக்கான வசதிகள் என்று எழுதிய ஒரு துண்டறிக்கையைக்கூட நாம் கண்டதில்லை. 1990இல் அமெரிக்காவில் ஆக்சோ என்ற நிறுவனம் தொடங்கியது எப்படி? மூட்டுவலியுள்ள தம் மனைவி காய்தோல் சீவ வருந்துவதைக் கண்ட ஒருவர், தடித்த இரப்பர்ப் பிடியுள்ள சீவியைச் செய்வித்தார். நலமான கையுள்ளவர்களும் அதையே விரும்பி வாங்கினார்கள். சமையலறைக்கு வந்த அறிவு சாலைக்கு வர என்ன தடை?

நிற்க. இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நம் மருத்துவரே அதைச் சொன்னார். ஆக்சிலேட்டரைப் பிடிக்க முடியாத கை பிரேக்கை மட்டும் எப்படிப் பிடிக்கும்? நிலைவேகம் தரும் வசதியினால், ஓட்டக்கூடாத நாளிலும் ஒருவர் ஓட்டத் துணிந்துவிட மாட்டாரா? இது விளையாட்டான கேள்வியன்று. நாடு நெடுஞ்சாலையில் குறுக்கே வரும் ஆட்டுமந்தைக்கு நம் நோயைப் பற்றிக் கவலையில்லை. நாம் எண்ணிப் பார்த்து வந்த முடிவு இது: வீட்டு வாசலில் வண்டியை எடுக்குமுன் முன்பிரேக்கை முழுமையாக ஐந்து முறை பிடித்து விடுவோம். ஐந்தாம் முறை முதல் முறையைப் போல் இல்லையென்றால் அன்று வண்டி இல்லை. நாற்பது கிலோமீட்டர் இறுகிப்போன கையைவிட, அவ்வளவு தொலைவும் தளர்ந்திருந்த கை பிரேக்கை விரைந்து பிடிக்கும் என்பதும் உண்மைதானே? மழையிலும் வளைவிலும் நெரிசலிலும் நிலைவேகத்தைத் தொடக்கூடாது; கையைப் பிடியிலிருந்து எடுத்துவிடவும் கூடாது. விரல்களைத் தளர்த்தலாம், அவ்வளவே.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நம் பழைய வண்டிக்கு ஏதேனும் வழியுண்டா என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கேட்டோம். "ஸ்பிரிங்க லூசாக்கிடலாம் சார், முறுக்குனா அப்படியே நிக்கும்" என்றார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அப்படி நிற்கும் ஆக்சிலேட்டர், நாம் விழுந்த பிறகும் நிற்கும். பிடியை இறுக்கித் திருகும் பூட்டுகளும் கடைகளில் கிடைக்கின்றன. பிரேக்கைத் தொட்டால் அவை தாமே விடுபடா. அவற்றுக்கும் நிலைவேகத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கிளட்ச் வடத்தை மாற்றி எண்ணெயிடச் சொன்னோம். கைப்பிடிக்குத் தடித்த நுரையுறை போட்டோம். இடக்கைக்கு அதிலேயே பாதி நோவு குறைந்தது. கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர் வாங்கலாமே என்பவர்களுக்கு: அதில் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் ஒன்றையாவது கால் பார்த்துக்கொள்கிறது.

பேருந்தில் போகலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். திருவரங்கத்து ஒன்றாம் எண் பேருந்தை நாம் வெறுப்பவரல்லர். மாணவப் பருவம் முழுவதும் அதில் தொங்கியவர்தாம். இன்று காலை நெரிசலில் அதன் மேற்கம்பியைப் பிடித்து நிற்க வேண்டியதும் இதே கைதான். அதற்கு நிலைவேகப் பொத்தானும் இல்லை.

சட்டமும் இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூட்டுவாதம் தனிப்பெயராக அதில் இல்லை. அதனால் கைகால் இயக்கம் குறைந்து, 40 விழுக்காடு என்று சான்று பெற்றால்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி. காலை எட்டரைக்கு முடங்கி, பதினொன்றரைக்கு அவிழ்ந்துவிடும் கையை எந்த விழுக்காட்டில் அளப்பது? 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் உடற்குறை உடையோருக்கு ஏற்ப மாற்றிய வாகனம் என்பதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறது, நல்லதே. ஆனால் ஏற்ப மாற்றிய வண்டி என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, பின்னால் இரண்டு பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். கால்களுக்கு அது அரும்பெரும் உதவி. கைகளுக்கு என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நோயாளிகளாகிய நாமும் கேட்பதில்லை. கை வலிக்கிறது என்று சொன்னால் வயதாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே!

அந்த மாணவர் பின்னர் ஒரு சனிக்கிழமை தம் வண்டியைக் கொடுத்து, நம் வண்டியை எடுத்துப் போனார். சிறுகனூர் தாண்டியதும் அறுபதில் பொத்தானை அழுத்தினோம். முதல் இரண்டு கிலோமீட்டர் அச்சமாகவே இருந்தது. குதிரை தானே ஓடுவது போல ஒரு கூச்சம். பிறகு பிடியின்மேல் உள்ளங்கையை வைத்தபடியே விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கினோம். லாரி ஒன்று ஒதுங்கியபோது பிரேக்கைத் தொட, வண்டி உடனே நம் கைக்கு வந்தது. பாடாலூரில் வழக்கமாக நிற்கும் தேநீர்க் கடையில் நிற்காமலே போய்விட்டோம் என்பதைச் சிறுவாச்சூர் வந்த பிறகுதான் உணர்ந்தோம். வீட்டில் தாயார் காபித் தம்ளரை எப்போதும்போல் நம் இடக்கைப் பக்கம் நீட்டினார். நாம் வலக்கையை நீட்டினோம்.