சமாதானம் சொல்லுதலும் சமாதானம் செய்தலும்: விவிலியத் தமிழில் அமைதி, செழிப்பு, பொருள்

கிறித்தவத் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பிய நயம், அச்சுப்பணி, உரைநடை வளர்ச்சி என்னும் எல்லைகளுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. தேம்பாவணியின் அணிநலன் ஆராயப்பட்ட அளவுக்கு, கூலி, கடன், வட்டி, நிலம் ஆகியன பற்றி விவிலியத் தமிழ் கூறுவது ஆராயப்படவில்லை. இவ்வெற்றிடத்தில் 'செழிப்பு நற்செய்தி' எனப்படும் விளக்கமுறை எளிதிற் குடிபுகுந்துள்ளது. அமைதி என்பது தனிமனிதனின் மனநிம்மதி. செழிப்பு என்பது அவன் விசுவாசத்திற்கும் காணிக்கைக்கும் கிடைக்கும் கைம்மாறு என்பதே அதன் சாரம். இவ்விளக்கம் ஏற்புடையதன்று. இதற்கு மூலநூலின் சொற்களே இடந்தரவில்லை.

சொல்லும் பொருளும்

'சமாதானம்' எனத் தமிழில் பெரிதும் பெயர்க்கப்படும் எபிரேயச் சொல் 'சாலோம்' என்பதாகும். முழுமை, நலம், குறைவின்மை என்பன அதன் பொருள்கள். அதே வேரிற் பிறந்த வினைச்சொல், இழப்பை ஈடுசெய்தல் என்னும் பொருளில் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் பன்முறை வருகிறது. களவாடிக் கொன்ற அல்லது விற்ற ஓர் ஆட்டிற்கு நான்கு ஆடுகள் ஈடு என்பது அங்குள்ள சட்டம். வேர்ப்பொருளை மட்டும் கொண்டு முடிவுகட்டலாகாது என மறுப்போர் உளர். அம்மறுப்பு நியாயமானதே. ஆயின் சொல்லின் ஆட்சியும் அதனையே காட்டுகிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோர்க்கு எரேமியா எழுதிய மடல் (29ஆம் அதிகாரம்), வீடு கட்டுதல், தோட்டம் நாட்டி அதன் பயனை உண்ணுதல், குடும்பம் பெருக்குதல் ஆகியவற்றைக் கூறிய பின்னரே, அந்நகரின் சாலோமைத் தேடப் பணிக்கிறது. நகரின் நலத்தில்தான் அவர்தம் நலமும் உண்டு என்பது அதன் கருத்து. இங்கு மனநிம்மதி மட்டும் பேசப்படவில்லை. உழைப்பும் உணவும் உறைவிடமும் பேசப்படுகின்றன.

தமிழில் 'சமாதானம் சொல்லுதல்' என்னும் வழக்கு, தவற்றை மூடிமறைக்கும் சாக்குப்போக்கையும் குறிக்கும். எரேமியா 6:14 கண்டிப்பது இதனையே. புண் ஆறாதிருக்கச் சமாதானம் என்று கூறுவோரை அது சாடுகிறது. அதற்கு முந்தைய வசனம், சிறியோர் முதல் பெரியோர் வரை அனைவரும் பொருளாசை கொண்டிருந்ததாகக் குற்றஞ்சாட்டுகிறது. பொருளாசையும் போலிச் சமாதானமும் ஒரே மூச்சிற் பேசப்படுவது தற்செயலன்று.

மத்தேயு 6:24இல் வரும் 'மாமோன்' என்னும் அரமேயச் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு 'உலகப்பொருள்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'செல்வம்' என்றது. மூலத்தில் 'உலகம்' என்னும் அடை இல்லை. அவ்வடை, பொருளை உலகிற்கும் அமைதியை ஆன்மாவிற்கும் பங்கிட்டுத் தருவது போன்ற மயக்கத்தை விளைவிக்கிறது. வள்ளுவம் பொருளை அறத்தினின்று பிரித்ததில்லை. தீதின்றி வந்த பொருளே அறமும் இன்பமும் தரும் என்பதே பொருள்செயல்வகை அதிகாரத்தின் நிலைப்பாடு. அதனைக் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் விவிலியத் தமிழில் மட்டும் இப்பிரிவினையை ஐயுறாது ஏற்பது வியப்பிற்குரியது.

எடுத்த வசனமும் விடுத்த வசனமும்

செழிப்புப் போதகர் பெரிதும் சார்ந்து நிற்பது யோவானின் மூன்றாம் நிருபத்தின் 2ஆம் வசனம். அமெரிக்கப் போதகர் ஓரல் ராபர்ட்ஸ் தம் போதனைக்கு அதனையே அடிப்படையாக்கினார். அவ்வசனமோ காயு என்னும் நண்பருக்கு எழுதிய மடலின் தொடக்க நலவுரை. நலம் விழைந்து மடல் தொடங்குதல் அக்காலக் கிரேக்க மரபு. அங்குள்ள வினைச்சொல்லும் நல்வழியிற் செல்லப்பெறுதலையே குறிப்பது. ஒரு நலவிசாரிப்பைச் செல்வம் தரும் ஒப்பந்தமாக்குவது உரைமரபிற்கு முரணானது.

மல்கியா 3:10இன் தசமபாக வாக்குறுதி இடையறாது எடுத்துரைக்கப்படுகிறது. அதே அதிகாரத்தின் 5ஆம் வசனமோ, கூலியாளின் கூலியில் அவனை ஒடுக்குவோர்மேலும் விதவை, திக்கற்றோர், அந்நியர் ஆகியோர்க்குத் தீங்கிழைப்போர்மேலும் தீர்ப்பு வரும் என்கிறது. இது எடுத்துரைக்கப்படுவதில்லை. மேலும், தசமபாகம் பண்டசாலைக்கு வரும் உணவுப்பொருள்; மூன்றாம் ஆண்டின் பங்கை லேவியரோடு அந்நியரும் திக்கற்றோரும் விதவையரும் உண்டு நிறைவடைய வேண்டும் என்பது உபாகமம் 14:28-29 வகுத்த முறை.

ஆபிரகாமும் யோபும் செல்வராயிருந்தனரே எனின், யோபின் தற்காப்புரையே விடை பகர்கிறது. 31ஆம் அதிகாரத்தில் அவர் தம் செல்வத்தைத் தமது நேர்மைக்குச் சான்றாக்கவில்லை. பணியாளரின் வழக்கைத் தள்ளாமை, திக்கற்றோர்க்கு அளிக்காது தனித்து உண்ணாமை, விலை கொடாது நிலத்தின் பயனைத் துய்க்காமை ஆகியவற்றையே சான்றாக்குகிறார்.

முடிவுரை

கூலி குறைந்தவனை நோக்கி, உனக்கு விசுவாசம் குறைவு எனக் கூறும் விளக்கம், அவனிடம் பறித்ததை மறைத்துப் பழியையும் அவன்மேலேயே சுமத்துகிறது. சகேயு பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் அறிவித்த பின்னரே அவன் வீட்டிற்கு மீட்பு வந்ததாக லூக்கா கூறுகிறார். யாத்திராகமம் கூறிய நான்கு ஆடுகளின் கணக்கே இங்கும் எதிரொலிக்கிறது. ஈடுசெய்யப்படாத இழப்பின்மேல் எழுப்பப்படும் செழிப்பு, சாலோம் ஆகாது. அது வெறும் சமாதானம் சொல்லுதலே. இவ்வேறுபாட்டைச் சொற்சான்று கொண்டு நிறுவுதல் இறையியலார்க்கு மட்டும் உரிய பணியன்று. சொல்லாய்வைத் தொழிலாகக் கொண்ட தமிழாய்வாளரின் கடமையுமாகும்.