100% அடைப்புன்னா இன்னிக்கு ராத்திரியே ஸ்டென்ட் வைக்கணுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆஞ்சியோ ரிப்போர்ட்டைக் கையில் வச்சுக்கிட்டுத் தூக்கம் வராம இருக்கிற யாராவது உங்க வீட்ல இருந்தா, பொறுமையா முழுசாப் படிங்க.

சில மாதங்களுக்கு முன்னாடி எங்க ஓபிக்கு ஒரு குடும்பம் வந்துச்சு. அவருக்கு 57 வயசு, விவசாயி, 12 வருஷமா சுகர். மஞ்சப்பைக்குள்ள ஆஞ்சியோ சிடி. பார்த்த தனியார் மருத்துவமனையில் "வலது ரத்தக்குழாய் 100% அடைப்பு, ராத்திரிக்குள்ள முடிவு சொல்லுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. மகன் வட்டிக்குப் பணம் பேசி முடிச்சுட்டார். அந்த அம்மா தாலிக்கொடியைக் கழட்டி முந்தானையில் முடிஞ்சு வச்சிருந்தாங்க. எங்கிட்ட வந்ததே "காப்பீட்டு அட்டை செல்லுமா சார்?"னு கேட்கத்தான்.

"ஐயா, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலி வந்திருக்கா?"

"இல்ல சார். மூட்டை தூக்கினா, வரப்பு ஏறினா நெஞ்சைப் புடிக்கும். ரெண்டு நிமிஷம் நின்னா சரியாயிரும். தீபாவளிலேர்ந்து இப்படித்தான்."

பழைய ஈசிஜிக்கும் புதுசுக்கும் மாற்றம் இல்ல. ட்ரோபோனின் நார்மல். எக்கோவில் இதயம் நல்லா பம்ப் பண்ணுது.

அம்மாகிட்ட "கொடியை எடுத்துக் கழுத்துல போட்டுக்கங்க, அவசரம் இல்ல"ன்னு சொன்னேன்.

ஏன்னு சொல்றேன்.

100% அடைப்பில் ரெண்டு வகை இருக்கு. ஒன்று, திடீர்னு ரத்தம் உறைஞ்சு அடைக்கிறது. அதுதான் மாரடைப்பு. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலி, 20 நிமிஷத்துக்கு மேல, வியர்வை, இடது கை வலி, மூச்சு வாங்கல். அங்க ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை சாகுது. இந்தப் பதிவைப் படிச்சுட்டு இருக்காதீங்க, 108-க்கு அடிங்க.

இன்னொன்று, கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து முழுசா மூடிக்கிட்டது. மூடி 3 மாதத்துக்கு மேல ஆயிருந்தா நாள்பட்ட முழு அடைப்புன்னு சொல்வோம். ஆத்துல அணை கட்டினா தண்ணி பக்கத்து வாய்க்கால்ல போற மாதிரி, பக்கத்து ரத்தக்குழாய்களிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் வந்து அந்தத் தசைக்கு ரத்தம் கொடுக்கும். உட்கார்ந்திருக்க அது போதும், மூட்டை தூக்கப் போதாது. இது அபூர்வமும் இல்ல. கனடாவில் எடுத்த ஒரு கணக்கில், ஆஞ்சியோவில் இதய ரத்தக்குழாய் நோய் இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட 5-ல் ஒருத்தருக்கு இது இருந்தது.

என் கருத்து இதுதான்: "100%"னு சொல்ற டாக்டர் அதே மூச்சில் "புதுசு" அல்லது "பழசு"ன்னும் சொல்லணும். சொல்லாம விடுறது பாதி உண்மை. அந்த மீதிப் பாதிக்காகத்தான் குடும்பங்கள் நகையை விக்குது.

பழைய அடைப்பைத் திறந்தா ஆயுள் கூடுமா? 2019-ல் வெளியான டிசிஷன் சிடிஓ ஆய்வில் 800-க்கும் மேற்பட்டவங்களை ரெண்டாப் பிரிச்சுப் பார்த்தாங்க. இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்த கணக்கில் ரெண்டு பக்கமும் வித்தியாசம் இல்ல. (மாத்திரை மட்டும்னு பிரிச்சவங்கள்ல சிலர் பிறகு ஸ்டென்ட் வச்சுக்கிட்டாங்க, அந்தக் குறை அந்த ஆய்வுக்கு உண்டு.) 2018-ல் வந்த யூரோ சிடிஓ ஆய்வில் திறந்தவங்களுக்கு நெஞ்சு வலி குறைஞ்சது, அன்றாட வாழ்க்கை நல்லாச்சு. ஆக, மாத்திரைக்கு அடங்காத வலிக்குத்தான் முக்கியமா இந்தச் சிகிச்சை. இடது முக்கிய ரத்தக்குழாயோ மூணு ரத்தக்குழாயுமோ கெட்டிருந்தா, அதுவும் சுகர் இருந்தா, பைபாஸையும் பேசணும்.

இவருக்கு மாத்திரைகளைச் சரி பண்ணினோம். வலி குறைஞ்சது, போகல. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதயவியல் துறைக்கு அனுப்பினேன். அங்க ஐவஸ் வச்சுச் செஞ்சாங்க. நான் எம்பிபிஎஸ் டாக்டர், இதய நிபுணர் இல்ல. ஆனா அன்னிக்கு கேத் லேப் கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்த்தேன்.

ஐவஸ்னா வேற ஒண்ணுமில்ல. கர்ப்பிணிகளுக்கு வயித்துமேல வச்சுப் பார்க்கிற அதே ஸ்கேன். ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாய் நுனியில் அதை வச்சு ரத்தக்குழாய்க்கு உள்ளேயே அனுப்புறாங்க.

எதுக்கு அது? ஆஞ்சியோங்கிறது சாயத்தோட நிழல். முழு அடைப்புக்குள்ள சாயமே போகாது, அப்ப நிழலும் இல்ல. வயரைத் தள்ளுறவர் ரோடு தெரியாத இருட்டுல வண்டி ஓட்டுறார். வயர் குழாயோட நடுவுல போகுதா, இல்ல சுவத்தைப் பிளந்துக்கிட்டுப் போகுதான்னு ஆஞ்சியோவில் பல நேரம் பிடிபடாது. ஐவஸ் காட்டிக் கொடுக்கும். இவருக்கு அதுதான் நடந்தது. வயர் சுவத்துக்குள்ள இருந்தது. திரையில் பார்த்துட்டுப் பின்னால இழுத்து, வேற வயரை விட்டு வழி கண்டுபிடிச்சாங்க.

அடுத்தது அளவு. ரத்தம் குறைவா ஓடின குழாய் சுருங்கிக் கிடக்கும். ஆஞ்சியோவில் 2.5 மில்லிமீட்டர் மாதிரி தெரிஞ்சது, ஐவஸில் 3.5. நிழலை நம்பிச் சின்ன ஸ்டென்ட் வச்சிருந்தா அது சுவத்துல ஒட்டாம நின்னிருக்கும், மறுபடி அடைக்க வாய்ப்பு கூடியிருக்கும். சாயமும் குறைவாப் போதும்ங்கிறதால சுகர்காரங்க கிட்னிக்கும் நல்லது.

2023-ல் கொரியாவிலிருந்து வெளியான ரெனோவேட் ஆய்வில் சிக்கலான அடைப்பு உள்ள 1,639 பேர் இருந்தாங்க. உள்ளே பார்த்து ஸ்டென்ட் வச்சவங்கள்ல 3 வருஷத்தில் 7.7% பேருக்குப் பிரச்சினை. ஆஞ்சியோ மட்டும் பார்த்து வச்சவங்கள்ல 12.3%. 2024 ஐரோப்பிய வழிகாட்டுதலும் சிக்கலான அடைப்புகளுக்கு இதை உறுதியாப் பரிந்துரைக்குது. அந்தக் குழாய் செலவு பிடிக்கிற பொருள்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அரசுத் திட்டமோ தனியார் காப்பீடோ, நாள்பட்ட அடைப்புக்கு ஸ்டென்டுக்குக் காசு ஒதுக்கிட்டு ஐவஸை "கூடுதல்"னு விட்டா, அது வீடு கட்டிட்டு மேஸ்திரிகிட்ட ரசமட்டம் கொடுக்காத கதை.

ஆக, பழைய அடைப்புன்னு தெரிஞ்சா உங்களுக்கு நேரம் இருக்கு. அந்த நேரத்தில் கேளுங்க: மாத்திரை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாச்சா? இந்த மாதிரி அடைப்பை இங்க வழக்கமாச் செய்றீங்களா? ஐவஸ் இருக்கா? கைதேர்ந்த மையங்களிலேயே 10-ல் 8, 9 பேருக்குத்தான் திறக்க முடியுது, ரத்தக்குழாய் ஓட்டையாகிற ஆபத்தும் உண்டு. அதனால ரெண்டாவது கருத்து கேட்கத் தயங்காதீங்க. எந்த நல்ல டாக்டரும் கோவிச்சுக்க மாட்டார். (கோவிச்சுக்கிட்டா அதுவும் ஒரு பதில்தான்.)

போன வாரம் அவர் மாத்திரை வாங்க வந்தார். வரப்புல நிக்காம ஏறுறாராம். ரெண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையையும் எங்களைக் கேட்காம நிறுத்தக் கூடாதுன்னு மறுபடி சொல்லி அனுப்பினேன். பீடியை மட்டும் இன்னும் விடல, சட்டைப் பையில் கட்டு தெரிஞ்சது. அதுக்குத் தனியா ஒரு பதிவு போடணும்.