எந்த ஆண்டு யாழ்தேவி?

நம்மவர்கள் கட்டிய மாதிரி ரயில் எதைக் கண்டாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இது எந்த ஆண்டு? அநேகமாக வரும் பதில், "அந்தக் காலம்." எந்தக் காலம் என்று விடாமல் கேட்டால், "நாங்கள் நல்லா இருந்த காலம்." அதற்குமேல் கேட்டால் முகம் மாறிவிடும். வருசக்கணக்காகப் பணமும் நேரமும் செலவழித்து, நிலவறையில் யாழ்ப்பாண ஸ்டேசனைக் கட்டி வைத்திருக்கும் மனிதரிடம் வந்த விருந்தாளி கேட்கிற கேள்வியா இது?

கேட்க வேண்டிய கேள்வியே இதுதான் என்பது என் கட்சி. ஆண்டைச் சொல்லாத மாதிரி ரயிலை நினைவுச்சின்னம் என்று என்னால் ஏற்க முடியாது. அது மறதிக்குக் கட்டிய சோடனை. இப்படிச் சொன்னதற்காகச் சில நண்பர்கள் என்னோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

மாதிரி ரயில் என்றதும் பலருக்குக் கிறிஸ்மஸ் மரத்தடியில் வட்டமாகச் சுற்றும் விளையாட்டுச் சாமான் ஞாபகம் வரும். நான் சொல்வது வேறு. ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் தெரிந்தெடுத்து, அங்கே அன்று இருந்த தண்டவாளம், கைகாட்டி, கடை, மரம், ஆள் எல்லாவற்றையும் அளவுப்படி சிறிதாக்கி, அன்றைய நேர அட்டவணையை வைத்து ரயிலை ஓட்டுவது. இந்தத் துறையில் அதை 'லேஅவுட்' என்பார்கள். அதில் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஆண்டு. எஞ்சினுக்கு எந்த நிறம், பெட்டி மரமா இரும்பா, சுவரில் என்ன விளம்பரம், மேடையில் நிற்கும் பெண் என்ன உடுத்தியிருக்கிறாள் என்பதெல்லாம் அந்த ஒரு முடிவுக்குப் பின்னால் வருபவை.

இங்கிலாந்தில் பீட்டர் டெனி என்றொரு பாதிரியார் இருந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் தொடங்கி, பக்கிங்ஹாம் என்ற தம் லேஅவுட்டைப் பல பத்தாண்டுகள் கட்டிக்கொண்டே இருந்தார். அதன் ஆண்டு 1907. அவர் பிறப்பதற்கு முன்பே கடந்துபோன ஆண்டு. ஆகவே அதை இளமைக்கால ஏக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. தேடிப் படித்து, அளந்து, கட்டினார். ஒரு நிலையத்தைக் கவனித்துவந்த மகன் கிறிஸ்பின் இல்லாத வேளைகளில் அந்த வேலையைப் பார்க்க ஓர் இயந்திரம் செய்து, அதற்குத் 'தானியங்கி கிறிஸ்பின்' என்று பெயரும் வைத்தார். ரயில் ஓடினால் மட்டும் போதாது, அட்டவணைப்படி ஓட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

ஒக்ஸ்போர்ட்ஷயரில் பென்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைத் தொடங்கிய ரோய் இங்கிலண்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். வைற் ஹோர்ஸ் பள்ளத்தாக்கின் கிராமங்கள் தம் கண்முன்னாலேயே மாறிப்போவதைக் கண்டு, 1920களிலும் 30களிலும் அவை இருந்தபடியே 1:76 அளவில் நிறுத்திவைக்க முனைந்தார். வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு இன்னொருவர் ஊரின் கூரைமேல் இவ்வளவு கரிசனை இருந்தது. சொந்த ஊரைக் கட்டுகிற நமக்கு ஆண்டைச் சொல்லக்கூடப் பொறுமை இல்லை.

அதுவும் கனடாவில் இருக்கும் நமக்கு இந்தக் கலை அந்நியமானதல்ல. யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. அதை இழுத்த எஞ்சின்களில் எம்2 வகை முக்கியமானது. கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 முதல் இலங்கைக்குக் கனடா கொடுத்த எஞ்சின்கள் அவை. ரொறன்ரோவிலிருந்து காரில் இரண்டு மணிநேரத்தில் போகக்கூடிய லண்டன் நகரில், ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலையில் உருவானவை. ஒன்றின் பக்கவாட்டில் 'ஒன்ராறியோ' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'அல்பேர்ட்டா'. நாம் அகதிகளாக இந்த மாகாணத்துக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இதன் பெயர் இலங்கைத் தண்டவாளங்களில் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தத் தொழிற்சாலை 2012இல் மூடப்பட்டது. இந்தக் கதையைச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

அளவு பிசகுவதைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். கடையில் வாங்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். 1:87 கணக்கில் அது 4 அடி 8½ அங்குலம்தான். சரியாகச் செய்வதென்றால் 19.3 மில்லிமீற்றர் வேண்டும், கட்டை கட்டையாகக் கையால் போடவேண்டும். அநேகமானோர் போடுவதில்லை. ஒன்பதரை அங்குலத்துக்காக நான் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 1:87இல் அதுவே நாலரைக் கிலோமீற்றருக்கு மேல் வரும். அதற்கு யாருடைய நிலவறையும் காணாது, குறுக்கத்தான் வேண்டும். ஆனால் குறுக்குவது வேறு, துடைப்பது வேறு.

முதலில் துடைக்கப்படுவது எழுத்து. இலங்கையின் ஸ்டேசன் பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். நம் மாதிரிகளில் முதலாவது மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது. நான் கட்டியிருப்பது மதவாச்சிச் சந்தி, 1972. ஒரு மரபுத் திங்கள் கண்காட்சிக்கு அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார்கள். கொண்டுபோய் இறக்கி, வயர் பூட்டி முடிக்கும்போது ஒழுங்கு செய்தவர்களில் ஒருவர் அருகே வந்தார். "அண்ணை, அந்தப் பலகையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் காணும். சனத்துக்கு மனம் நோகும்." மதவாச்சி சிங்கள ஊர் தம்பி என்றேன். "அப்ப ஏன் அண்ணை மதவாச்சியைக் கட்டினனீங்கள்?" என்றார். அடுத்ததாக, தலைமன்னார் ரயிலை நிறுத்திவிட்டு யாழ்தேவியை மட்டும் சுற்ற விடச் சொன்னார். நான் வயரைக் கழற்றி, பெட்டியில் அடுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் கேட்டதைத்தான் நாம் எல்லோரும் சொல்லாமல் செய்துகொண்டிருக்கிறோம். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஏன் மதவாச்சி? வடக்குப் பாதையும் தலைமன்னார்ப் பாதையும் பிரிகிற இடம் அது. தெற்கிலிருந்து வருகிற இரண்டு ரயிலுக்கும் அதுவரை ஒரே தண்டவாளம். ஒற்றைப் பாதை ஆகையால், டேப்லெட் கையில் இல்லாத சாரதி அடுத்த ஸ்டேசனுக்குப் புறப்பட முடியாது. ஒரு ரயிலுக்கு வழிவிட்டு மற்றது காத்து நிற்கும். என் லேஅவுட்டை ஓட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் இதைக் கையால் செய்தாக வேண்டும்: இதற்குக் கொடு, அதை நிறுத்து. சந்தியில் ஒன்று வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போகும், மற்றது திரும்பி மன்னார்ப் பக்கம் போகும்.

1972இல் அந்த இரண்டாவது ரயிலில் யார் இருந்தார்கள்? 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்றது. அந்தக் குடும்பங்கள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ரயிலேறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமுக்குப் போனார்கள். யாழ்தேவியில் கொழும்புக் கந்தோரில் லீவெடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர் இருக்கிறார். திருவிழாவுக்குப் போவார், மாம்பழம் கட்டிக்கொண்டு திரும்பி வருவார். மற்ற ரயிலில் இருப்பவர்களுக்குத் திரும்பி வரும் டிக்கெட் கிடையாது. இரண்டும் ஒரே சந்தியைக் கடந்த ரயில்கள், இரண்டிலும் இருந்தவர்கள் தமிழர்கள். கனடாவில் நான் பார்த்த லேஅவுட்டுகளில் யாழ்தேவிக்குக் குறைவில்லை. தலைமன்னார் ரயிலை ஒருவரும் கட்டியதைக் காணவில்லை. 'நாங்கள் நல்லா இருந்த காலம்' என்பதில் இந்த 'நாங்கள்' யார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

அந்தக் காலம் யாழ்தேவியில் போனவர்களுக்காவது நன்றாக இருந்ததா? 1958 மே மாதம் பொலன்னறுவை ஸ்டேசனில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டார்கள். 1977 ஓகஸ்டில் அனுராதபுரத்தில் வடக்குக்குப் போன இரவு மெயில் தாக்கப்பட்டது. 1985 ஜனவரி 19இல் முறிகண்டியில் யாழ்தேவியையே நம் பக்கத்து இயக்கம் வெடிவைத்துத் தாக்கியது, சிப்பாய்களோடு சாதாரணப் பயணிகளும் செத்தார்கள். நீங்கள் 1957ஐக் கட்டினால் முதலாவதற்கு முந்திய ஆண்டு. 1978ஐக் கட்டினால், உங்கள் பெட்டியில் இருப்பவர்கள் அனுராதபுரத்தில் ரயில் மெதுவாகும்போது என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டிவரும். இரண்டு சென்ரிமீற்றர் உயரப் பொம்மையின் முகத்தில் பயத்தைத் தீட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆண்டை எழுதிவைக்கலாம். அது தெரிந்தவருக்கு மிச்சம் தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டது 1990 ஒக்டோபரில். அதற்கு முந்திய எந்த ஆண்டென்றாலும் யாழ்ப்பாண ஸ்டேசன் மேடையில் அவர்கள் நின்றிருக்க வேண்டும். பழக்கடை, தேத்தண்ணிக் கடை, நாய், மாடு எல்லாம் வைத்த ஒரு மாதிரியிலும் நான் தொப்பி போட்ட ஒரு வியாபாரியைக் கண்டதில்லை. அவர்களை ஒருமுறை ஊரிலிருந்து அனுப்பியது போதாதா?

இதற்கு மறுப்பாக மூன்று பேச்சு வரும். முதலாவது, "விளையாட்டுச் சாமானில் ஏன் அரசியல்?" பெயர்ப்பலகையில் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது நானல்ல. இரண்டாவது, "எல்லாம் இழந்த மனிசனுக்கு ஒரு சந்தோசம் வேண்டாமா?" வேண்டும். வடபகுதித் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போன கதை எனக்கும் தெரியும். நிலவறையில் தனியாக இருந்து எஞ்சினைச் சுற்ற விட்டுக் கண் கலங்குகிறவரை நான் ஒருபோதும் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதை மண்டபத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இதுதான் எங்கட நாடு" என்று காட்டும்போது அது சொந்தச் சந்தோசம் என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது. பாடம் சொல்கிறீர்கள். பாடத்தில் பிழை இருந்தால் கேட்பார்கள்.

மூன்றாவதுதான் கனமானது: "இதெல்லாம் சொன்னால் அரசாங்கத்துக்கு வாய்ப்பு." நான் நேர்மாறாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது 1990 ஜூன் 13. திரும்ப வந்தது 2014 ஒக்டோபர் 13. நடுவில் 24 ஆண்டும் நாலு மாதமும். இந்தியாவின் கடனுதவியில், இந்தியாவின் இர்கொன் நிறுவனம் போட்டுக் கொடுத்த பாதையில், மகிந்த ராஜபக்ச பளையிலிருந்து ரயிலேறி யாழ்ப்பாணம் வந்திறங்கினார். யாழ்தேவி வந்துவிட்டது, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்பதே அந்த விழாவின் சேதி. ஆண்டு போடாத நம் லேஅவுட்டும் அதே சேதியைத்தான் சொல்கிறது: யாழ்தேவி ஓடுகிறது, எல்லாம் பழையபடி. அவர்கள் அந்த 24 ஆண்டுகளை நிகழ்காலத்துக்குள் புதைத்தார்கள், நாம் கடந்தகாலத்துக்குள் புதைக்கிறோம். ரயில் ஏன் நின்றது என்று கேட்க, அது எப்போது ஓடியது என்று முதலில் தெரிய வேண்டும்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது: 'அந்தக் காலம்' என்றதும் நம் தலைக்குள் அதுவாக ஒரு படம் வரும். மேடையின் சூடும் டீசல் மணமும்கூட வரும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை. அவனுக்கு மிஞ்சப்போவது நாம் எழுதிவைத்த ஆண்டும், அதை வைத்து அவன் தேடிப் படிப்பதும்தான். டெனி தான் காணாத 1907ஐ அப்படித்தான் கட்டினார். நாளை நம் பேத்தி ஒருத்தி தான் காணாத 1972ஐ நம்மைவிட நேர்மையாகக் கட்டக்கூடும், அதற்கான தகவலை நாம் கெடுத்துவிட்டுப் போகாவிட்டால்.

ஆகவே நான் கேட்பது பெரிதில்லை. உங்கள் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றராகவே இருக்கட்டும். பனைமரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பெயர்ப்பலகையில் மூன்று மொழியையும் எழுதுங்கள். மேடையில் அன்று நின்றவர்கள் எல்லோரையும் நிறுத்துங்கள். பலகையின் முன்விளிம்பில், குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், ஊரின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த கண்காட்சிக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்: மதவாச்சி வரும், மூன்று எழுத்தோடு வரும், தலைமன்னார் ரயில் ஓடும். அட்டவணைப்படி யாழ்தேவி அதற்காகச் சற்றே காத்து நிற்கும்.