இரண்டு ரூபாய்த் தீப்பெட்டி

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)



காலையில் எழுந்தது முதல் இரவு உறங்கப் போகும் வரை நாம் எத்தனையோ பொருள்களைக் கையாளுகிறோம். பற்பசை, சோப்பு, பேனா, குண்டூசி, தீப்பெட்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவையெல்லாம் கடையில் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கடைக்கு எங்கிருந்து வந்தன, யாருடைய கைகளில் உருவாயின என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிறகுதான் எண்ணிப் பார்க்கும்படி நேர்ந்தது. அதைச் சொல்லி, அதனால் என் மனத்தில் எழுந்த கருத்தையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டியில் ‘குழந்தைத் தொழிலாளர்’ என்ற தலைப்பில் பேசினேன். “தீப்பெட்டித் தொழிற்சாலைகள் பிஞ்சுக் கரங்களை விழுங்கும் அரக்கர்கள்! அவற்றை இழுத்து மூடுங்கள்!” என்று முழங்கினேன். பலத்த கைதட்டல் கிடைத்தது. முதல் பரிசும் கிடைத்தது.

அரையாண்டு விடுமுறையில் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் ஆச்சி வீட்டுக்குப் போனேன். பரிசுக் கோப்பையைப் பார்த்த ஆச்சி, “எங்க, அதப் பேசு பாப்போம்” என்றார்கள். திண்ணையில் நின்றுகொண்டு ஒரு வரி விடாமல் பேசி முடித்தேன். ஆச்சி கை தட்டவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நல்லாத்தான் பேசுத தாயி. ஒண்ணு கேக்கேன், சொல்லு. தீப்பெட்டி ஆபீசுல என்னென்ன வேல உண்டு?” என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அரக்கன் என்று சொல்லத் தெரிந்ததே தவிர, அந்த அரக்கனின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆச்சிக்குத் தெரியும். பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கி ஐம்பது வயது வரை அங்கேயே உழைத்தவர்கள் அவர்கள். (எங்கள் ஆச்சி ஊர்ப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள்.) அன்று மாலை விளக்கு வைக்கும் வரை ஆச்சி எனக்குப் பாடம் நடத்தினார்கள். நான் கேட்டு அறிந்ததையும், பிறகு நூலகத்தில் படித்து அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தீக்குச்சிக்கு எடையில்லாத மென்மையான மரம் வேண்டும். மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, கிழங்கின் தோலைச் சீவுவது போல நீண்ட தகடாகச் சீவுகிறார்கள். அந்தத் தகட்டை அடுக்கி வெட்டினால் குச்சிகள் கிடைக்கும். குச்சி அணைந்த பிறகு கங்கு கனன்றுகொண்டிராமல் இருக்க, அதை ஓர் உப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பதும் உண்டு. பின்பு வருவதுதான் ஆச்சி முப்பது வருடத்துக்கு மேல் செய்த வேலை. குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல், சரியான இடைவெளி விட்டு, மரச் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். ஒரு குச்சி முன்னே நீண்டாலும் பின்னே தள்ளினாலும் அதன் தலையில் மருந்து சரியாக ஏறாது. சரியில்லாத சட்டத்துக்குக் கூலி கிடையாது.

அடுக்கிய சட்டத்தை முதலில் உருகிய மெழுகில் முக்குகிறார்கள். மருந்தில் பிடித்த தீ குச்சிக்குத் தாவ மெழுகுதான் உதவுகிறது. பிறகு மருந்தில் முக்குகிறார்கள். நமது வேதியியல் பாடத்தில் பெயரளவில் வரும் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையோடும் கண்ணாடித் தூளோடும் கலந்து அந்த மருந்தில் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் பூசும் மருந்தில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். குச்சியை உரசும்போது உண்டாகும் சூட்டில் அந்த பாஸ்பரஸில் துளியளவு முதலில் பற்றிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் குளோரேட் கொடுக்கிறது. ஒன்று குச்சியிலும் மற்றொன்று பெட்டியிலும் பிரிந்திருப்பதால்தான், சட்டைப் பையில் கிடக்கும் தீப்பெட்டி தானாகப் பற்றிக்கொள்வதில்லை. பாதுகாப்புத் தீப்பெட்டி என்று அதற்குப் பெயர் வந்ததும் இதனால்தான்.

மருந்து காய்ந்ததும் பெட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி, கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். 600 பெட்டி சேர்ந்தது ஒரு பண்டல். ஒரு பெட்டிக்கு 40 குச்சி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பண்டலில் 24,000 குச்சிகள் இருக்கும். கையால் அடுக்கிய காலத்தில் அத்தனை குச்சியும் ஏதோ ஒரு பெண்ணின் விரல் நுனியைத் தொட்டுத்தான் நம் வீட்டுக்கு வந்தது!

இந்தத் தொழில் நம் பக்கத்துக்கு வந்த வரலாறும் தெரிந்துகொள்ள வேண்டியதே. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுவந்து, 1923-இல் தம் ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று அது பரவியது. மழை குறைந்த வறண்ட பூமி அது. காய வேண்டிய குச்சிக்கும் மருந்துக்கும் அந்த வெயில் வரமாக அமைந்தது. ஆனால் அதே வறட்சியால் வயலில் வேலை கிடைக்காத ஏழைக் குடும்பங்கள், கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தன. பெண்கள் வந்தார்கள். அவர்களோடு பிள்ளைகளும் வந்தார்கள்.

ஆச்சி சிறுமியாக இருந்தபோது, கோழி கூவும் முன்பே ஊருக்குள் வேன் வந்து ஹாரன் அடிக்குமாம். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தாய்மார் தூக்கி உள்ளே உட்கார வைப்பார்களாம். அந்த வேன் போகும் வழியில்தான் பள்ளிக்கூடமும் இருந்ததாம். “ஒரு நாளாவது வண்டி அங்கன நிக்காதான்னு பாப்பேன்” என்று ஆச்சி சொன்னபோது என் கண்கள் கலங்கிவிட்டன.

கொடுமை நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. 1827-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக் கடைக்காரர் உரசினால் பற்றும் தீக்குச்சியை முதன்முதலாக விற்றார். அதன் பின் வந்த குச்சிகளில் வெள்ளை பாஸ்பரஸ் என்ற நச்சுப் பொருளைச் சேர்த்தார்கள். அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. 1888-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பலர் நம் வயதுச் சிறுமிகள். பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம் என்று அவர்களுடைய சொற்பக் கூலியிலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதை ஊரறியப் பத்திரிகையில் எழுதியவர் அன்னி பெசன்ட் அம்மையார். பிற்காலத்தில் நம் சென்னை அடையாறில் வாழ்ந்து, 1917-இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக விளங்கிய அதே அம்மையார்தான்! அந்த வேலைநிறுத்தம் வென்றது, அபராதங்கள் ஒழிந்தன. 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் செய்தன. 1913-இல் இந்தியாவிலும் அதற்குத் தடைச் சட்டம் வந்தது.

ஆகவே, ஒரு பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று வெளியில் இருப்பவர்கள் தெரிந்துகொண்டபோதுதான் உள்ளே இருப்பவர்களுக்கு விடிவு வந்திருக்கிறது. நம் நாட்டிலும் அப்படியே. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016-இல் செய்த திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் கூலிக்கு அமர்த்த முடியாது. 18 வயது வரை அபாயகரமான தொழிலில் அமர்த்தவும் கூடாது. பள்ளியில் போட்ட சோறும் சட்டத்தைப் போலவே பிள்ளைகளை வகுப்புக்கு இழுத்து வந்தது. ஆச்சியின் ஊரில் இப்போது வேன் வருகிறது. அது பள்ளிக்கூட வேன்.

அப்படியானால் நான் மேடையில் பேசியது சரிதானே என்று ஆச்சியிடமே கேட்டேன். அதற்கு ஆச்சி சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன். “பிள்ளைகள வேலைக்கு வச்சது தப்புதான். அது அனுபவிச்ச எனக்குத் தெரியாதா? ஆனா ஆபீச மூடச் சொன்னியே! அந்தக் கட்ட அடுக்குன காசுலதான் உங்க அம்ம நர்சுக்குப் படிச்சா. அது அரக்கன் காசா?”

தோழியரே, அப்போதுதான் என் பேச்சில் இருந்த குறை எனக்குப் புரிந்தது. குழந்தைகளுக்காகப் பரிந்து பேசிய நான், தம் குழந்தைகளைப் படிக்க வைப்பதற்காகவே அங்கு உழைத்த தாய்மாரை மறந்துவிட்டேன். அவர்களுடைய வேலையை இழிவாகவும் பேசிவிட்டேன்.

“எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிட்டால் யாருக்கும் துன்பமில்லையே” என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். இன்று பல ஆலைகளில் குச்சி அடுக்குவதையும் பெட்டி அடைப்பதையும் இயந்திரங்களே செய்கின்றன. மருந்துக் கலவையின் பக்கத்தில் மனிதர் நிற்க வேண்டாம் என்றால் அது நல்லதே. ஆனால் ஐம்பது பெண்கள் செய்த வேலையை ஓர் இயந்திரம் செய்யும்போது, அந்த ஐம்பது பேரும் எங்கே போவார்கள்? ஆச்சியின் சேக்காளிகள் சிலருக்கு அப்படித்தான் வேலை போயிற்று. இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இயந்திரம் வாங்குகிறவர்கள் பழைய தொழிலாளிக்கு அதை இயக்கக் கற்றுக்கொடுத்து, அவர்களையே அதில் அமர்த்த வேண்டும் என்கிறேன்.

வாங்குகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயாக உயர்ந்த தீப்பெட்டியின் விலை, அடுத்து 2021 டிசம்பர் முதல் தேதியில்தான் இரண்டு ரூபாயாயிற்று. மூலப்பொருள்களின் விலை ஏறியும் 14 ஆண்டுகள் அந்த ஒரு ரூபாய் அசையவில்லை. ஆனால் இரண்டு ரூபாயானதும் எங்கள் தெருக் கடையில் முணுமுணுத்தவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருத்தி. ஒரு சாக்லேட்டுக்குப் பத்து ரூபாய் கொடுக்கத் தயங்காத நாம், ஒரு ரூபாய் கூடியதற்கு முணுமுணுப்பது நியாயமா? பொருள் மலிவாகக் கிடைக்கும்போது, யாருடைய கூலி குறைந்ததால் அது மலிவாயிற்று என்று ஒரு முறையாவது கேட்க வேண்டாமா?

இறுதியாக, நம் அன்புக்குரிய அருட்சகோதரிகளுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நம்மைக் கொடைக்கானலுக்கும் கன்னியாகுமரிக்கும் சுற்றுலா அழைத்துச் செல்கிறீர்கள். அருவியும் கடலும் பார்க்கிறோம், மகிழ்கிறோம். ஆண்டில் ஒரே ஒரு நாள், பத்தாம் வகுப்பு மாணவிகளை ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது தீப்பெட்டி ஆபீசாக இருக்கலாம், நூற்பாலையாக இருக்கலாம், அச்சகமாகவும் இருக்கலாம். இயந்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். அங்கு வேலை செய்யும் ஓர் அக்காவிடமோ அம்மாவிடமோ ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச எங்களுக்கு அனுமதி வாங்கித் தாருங்கள். நாளை எங்களில் சிலர் அதிகாரிகள் ஆகலாம், சிலர் முதலாளிகள் ஆகலாம். எல்லாரும் பொருள் வாங்குகிறவர்களாக இருப்போம் என்பது மட்டும் உறுதி. அந்த ஐந்து நிமிடப் பேச்சு அப்போது எங்களுக்கு வழிகாட்டும்.

விடுமுறை முடிந்து புறப்படும்போது அந்தப் பரிசுக் கோப்பையை ஆச்சி வீட்டு மாடத்தில் வைத்துவிட்டு வந்தேன். “எதுக்கு தாயி, உன் பரிசு இங்க?” என்று ஆச்சி கேட்டார்கள். “இந்த வருஷமும் அதே தலைப்பில் பேசப் போகிறேன் ஆச்சி. இந்த முறை தெரிந்துகொண்டு பேசுவேன்” என்றேன்.

இன்றிரவு மின்சாரம் நின்றால், உங்கள் வீட்டிலும் ஒரு தீக்குச்சி உரசப்படும். அந்த வெளிச்சத்தில் ஒரு கணம், அதைச் செய்து தந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க உழைக்கும் கரங்கள்!